யாரும் இழுக்காத கயிறு

ரம்புட்டான் மரம் முழுவதையும் வலையால் மூடக் கூடாது என்று எனக்கு உறைத்தது போன சீசனில்தான். எங்கள் ஊர் அலுவிகாரையில், எங்கள் சமையலறை ஜன்னலில் கட்டிய கயிறு தானாக இழுபட்ட அந்த மாலையில்.

மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது; அண்ணன் முறை, நானா என்றுதான் கூப்பிடுவேன். பாதிக் கிளைகள் மதில் தாண்டி எங்கள் பக்கம். பழத்தைப்போல வௌவால் விரட்டும் வேலையும் பங்குதான். கிளையில் பால்மா வந்த தகரப் பேணிகளைக் கட்டி, இழுத்தால் அடிக்கும்படி அவர்கள் ஜன்னலுக்கு ஒரு கயிறு, எங்களுக்கு ஒரு கயிறு. போதாததற்கு நானா மரம் முழுக்க வலையும் போட்டிருந்தார்.

மழை விட்டிருந்தது. இலைகூட அசையவில்லை. பேணிகள் மட்டும் விட்டுவிட்டு அடித்தன. நானா வீட்டில்தான் ஆட்டுகிறார்கள் என்று நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவரோ எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"என்னா தங்கச்சி, மஃரிபு தொழுற நேரத்துல இப்புடி ஆட்டுறீங்க?"

"நான் ஆட்டலையே! உங்க வீட்லனு நெனச்சேனே!"

"எங்கூட்ல யாருமில்ல. பூட்டிட்டுத்தானே வாறேன்."

கயிற்றில் கை வைத்தேன். இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது, மறுமுனையில் ஆள் இருப்பதைப்போல. பிறகு மரத்திலிருந்து பச்சைக் குழந்தையின் சிணுங்கல்.

நானாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதுல ஏதோ கெட்டது குடியிருக்கு. விடியட்டும். ஆள் புடிச்சு மரத்த வெட்டிப்போடுறேன். புள்ளைங்க இருக்கிற வூடுங்க ரெண்டும்."

எனக்கும் பயம்தான். ஆனால் வெட்டிவிட்டால் அது என்னவென்றே தெரியாமல் போய்விடுமே! ஏணியில் ஏறி டார்ச் அடித்தேன். தலைகீழாக ஒரு நாய்முகம், இமைக்காமல் என்னையே பார்த்தது. வலை கயிற்றோடு முறுக்கிக் கிடந்தது. அதில் மாட்டிய சிறகு துடிக்கும்போதெல்லாம் கயிறும் இழுபட்டது. நெஞ்சோடு ஒட்டி இன்னொரு சின்ன முகம்.

"நானா, வௌவால்! தாயும் குட்டியும்!"

நானா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "வெறுங்கையால தொட்டுறாதீங்க. சாக்கு தாறேன், கத்திரிக்கோலும் தாறேன்."

வலையை வெட்டியதும் வௌவால் கிளைநுனிவரை ஊர்ந்தது. குட்டியோடு அப்படியே கீழே சரிந்து, சட்டென்று சிறகு விரித்து இருட்டுக்குள் போனது.

"நல்ல வேல பாத்தீங்க. வௌவாலுக்கு வாசலே வெச்சுக் குடுத்துட்டீங்க," என்றார் நானா, ஓட்டையை அண்ணாந்து பார்த்து. மரம் வெட்டும் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

இந்த சீசனில் வலையே வேண்டாம், உச்சிக் கிளைகள் வௌவால்களுக்கு என்று முடிவு செய்திருக்கிறோம். கயிறு இருக்கும். அதைத் தொடும்போதெல்லாம், பழத்தில் பங்கு கேட்கும் மூன்றாவது வீடு ஒன்று மறுமுனையில் இருப்பதாகவே என் கைக்குத் தோன்றுகிறது.