ஜெனரேட்டர் கடையில் பனையோலை விசிறி

அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் கரண்டில் ஓடுவது. புதன்கிழமை பகல் முழுக்கப் பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்ததும், ஜெனரேட்டர் வாங்கத் திண்டுக்கல் கடைவீதிக்குப் போனேன். பெட்ரோலா, டீசலா என்பதற்கு மேல் என் படிப்பறிவு நகரவில்லை.

கடைக்காரர் ஒல்லியானவர். மருதாணிச் சிவப்பில் தாடி. பேசிக்கொண்டே ஒவ்வொரு ஜெனரேட்டரையும் தோள்துண்டால் துடைத்தார். பேச்சின் நடுவே கரண்டு போனது. அவர் அலட்டிக்கொள்ளாமல் பனையோலை விசிறி ஒன்றை எடுத்து எனக்கு வீசத் தொடங்கினார். சுற்றிலும் ஜெனரேட்டர்கள் வரிசையாகச் சும்மா நின்றன.

“இதுல ஒண்ண ஓட்டலாமே பாய்?”

“ஓட்டுனா பழசாயிரும் சார். பழச நீங்க வாங்குவீகளா?”

“மாட்டேன். ஆனா ஓடும்னு எப்படி நம்புறது?”

“ஓடாத சாமான வச்சுக்கிட்டு ஒருத்தனுக்கு இம்புட்டு நிம்மதியா வேர்க்குமா?”

அந்த வேர்வையை நம்பி, அம்மாவின் நிலையையும் புதன்கிழமை மின்தடையையும் சொல்லி, வீட்டு விலாசம் கொடுத்து ஒன்றை வாங்கிவிட்டேன்.

புதன்கிழமை காலை, கூப்பிடாமலே வீட்டு வாசலில் வந்து நின்றார். கரண்டு போனதும் கொல்லையில் ஜெனரேட்டரை அவரே ஓடவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்.

“மெஷின் மேல நம்பிக்கை இல்லையா பாய்?”

“இல்லாமயா வித்தேன்? அம்மாவுக்கு மூச்சு சீரா இருக்கான்னு சித்த பாத்துட்டு வாங்க.”

பார்த்துவிட்டு வந்தேன். சீராகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அனுப்பினார்.

மாலையில் கரண்டு வந்ததும் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். நம்பிக்கை உள்ளவர் வந்திருக்க மாட்டார். இல்லாதவர் அன்றைக்கு எங்கள் தெருப்பக்கமே தலைகாட்டியிருக்க மாட்டார். அவர் எந்த ரகம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.