அச்சா, வெடிமருந்தா?

ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த என்னைப் பன்னிரண்டாம் வயதில் ஒரே நாளில் அக்காவாக்கிவிட்டார்கள். அதற்கு என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆவணி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, சித்தி மகள் எங்கள் வீட்டுக் கட்டிலில் என் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பை. அம்மா அவளுக்கு என் டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவுக்கு எங்கள் சிவகாசியை அடுத்த நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. வெடிமருந்தை எங்கள் பக்கத்தில் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வோம். தீபாவளி ஆர்டர்களுக்காக ராப்பகலாக வேலை ஓடிக்கொண்டிருந்த சீசனில் அவர் இருந்த அறை வெடித்துவிட்டது. உயிர் தப்பினாலும் இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோய் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சித்தி அவர்கூடவே தங்கிவிட்டதால் மகள் எங்களிடம் வந்து சேர்ந்தாள். இதையெல்லாம் அம்மா எனக்கு அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள். நான் அழுதேன். அழுது முடித்துவிட்டு, "என் தலையணைய எப்பம்மா திருப்பித் தருவா?" என்று கேட்டேன்.

"நீ அக்காதானே," என்றாள் அம்மா.

அக்கா என்ற சொல்லுக்குள் இத்தனை நஷ்டம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் என்னைவிட மூன்று மாதம்தான் இளையவள். ஆனால் காலையில் அவளுக்குத்தான் முதலில் தலை பின்னல். குழம்பில் மீன் தலை அவளுக்கு. எட்டு வயதானதும் தனியாகப் படுக்கச் சொல்லி என்னை விரட்டிய அம்மா, அவளைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள். குடும்ப ஜெபத்தில்கூட முன்பெல்லாம் என் கணக்குப் பரீட்சைதான் முதலில் வரும். இப்போது சித்தப்பாவின் கைகள் வந்தன. ஆண்டவரும் அந்தப் பக்கம் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் அழவும் மாட்டாள். அழுதாலாவது எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, கன்னத்தைத் தடவி, ஒரே பேச்சைத்தான் பேசிவிட்டுப் போனார்கள். "அற்பக் கரித்தூளு. வாழ வேண்டிய மனுசன இப்பிடிப் பண்ணிப்போட்டதே" என்பார்கள். சபையிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள், "நாலு பிள்ளைக பொழுதுபோக்கா வெடிச்சுட்டுப் போறதுக்கு, உங்கய்யா கையக் குடுத்துட்டு இருக்காக பாரு" என்று மூக்கைச் சிந்தினார். சித்தி மகள் அப்போதெல்லாம் எதுவும் பேசாமல் எழுந்து போய்விடுவாள். என் கண்ணில் பட்டது, வந்தவர்கள் கொண்டுவந்த பிஸ்கட் பாக்கெட்டை அவளிடம்தான் கொடுத்தார்கள் என்பது மட்டும்தான்.

அம்மா எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சித்தி மகளும் தற்காலிகமாக என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். காலாண்டு லீவு முடிந்ததும் அறிவியல் மன்ற விழா. அந்த வருடம் அம்மா ஒரு பட்டிமன்றம் வைத்தாள். 'மனிதகுலத்தைப் பெரிதும் மாற்றியது அச்சா, வெடிமருந்தா?' எங்கள் ஊரில் பாதிப்பேர் அச்சாபீசில் காலண்டரும் டைரியும் அடிப்பவர்கள்; பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறிப் போகிறவர்கள். தலைப்பைக் கேட்டதும் தலைமையாசிரியரே சிரித்து, "டீச்சர், ஊரை ரெண்டாக்கிருவீக போலயே" என்றாராம். நடுவர் அம்மாதான்.

அச்சு அணியின் கடைசிப் பேச்சாளர் சித்தி மகள், வெடிமருந்து அணிக்கு நான் என்று அம்மா முடிவு செய்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெடிமருந்துக்குப் பேசினால் எங்கள் ஊரில் கைதட்டல் நிச்சயம். கோட்டை, பீரங்கி, மலையைக் குடைந்து ரயில் என்று கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பழகினேன். வெகுநாளைக்குப் பிறகு எனக்கென்று ஒன்று கிடைத்திருந்தது. அது இரண்டு நாள்தான் நிலைத்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் சித்தி மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "பெரியம்மா, எனக்கு மருந்து குடுங்க."

அம்மா பதறிப்போய், "என்னத்தா செய்யுது? தலை வலிக்கா?" என்றாள்.

"அந்த மருந்து இல்ல. வெடிமருந்து. பட்டிமன்றத்துல நான் அதுக்குத்தான் பேசுவேன்."

அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது. "வேண்டாம்த்தா. உனக்கு அச்சுதான் நல்லாருக்கும். உங்க பெரியப்பாவே அச்சாபீஸ்லதான இருக்காக, எல்லாம் சொல்லிக் குடுப்பாக."

"எனக்கு அது வேண்டாம்."

"எதுக்குத்தா அத எடுத்துப் பேசணும்? அது உனக்கு..."

அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு, "புள்ள வாய்விட்டுக் கேக்குறா. குடுத்துரேன்" என்றார். வந்த நாளிலிருந்து அவள் எங்களிடம் எதையுமே கேட்டதில்லை என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் மனசு ஆறவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன்: "தெரியும். நான் அக்கா." தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

வெடிமருந்து அவளுக்குப் போய், அச்சு எனக்கு வந்தது. மறுநாளிலிருந்து அம்மா ஸ்கூல் விட்டு வந்ததும் பேச்சு சொல்லிக் கொடுக்க அவளோடுதான் உட்கார்ந்தாள். நான் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். "பீரங்கிக் குண்டு நேரா போயி நேரா விழுதா, வளைஞ்சு விழுதான்னு அந்தக் காலத்துல பெரிய சண்டைத்தா" என்று அம்மா சொன்னால், அவள் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்பாள். அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நான் கேள்வி கேட்டால், "புஸ்தகத்துல இருக்கு, பாரு" என்று சொல்லி வந்த அதே அம்மா.

ஆனால் ஒருநாள் எனக்கும் ஒரு புதையல் கிடைத்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நெசத்தச் சொன்னா அச்சுதாங்க பெருசு. வெடிமருந்து கோட்டைச் சுவரத்தான் இடிச்சுச்சு. அச்சு மண்டைக்குள்ள இருந்த சுவரையே இடிச்சுப்போட்டுச்சே. முன்னால ஒருத்தன் வானத்தப் பாத்து, பூமிதான் சுத்துதுன்னு கண்டுபிடிச்சா, அது அவனோடயே செத்துப்போகும். அச்சு வந்ததும் ஒருத்தன் கண்டத நூறு ஊர்ல நூறு பேரு சரிபாத்தான். தப்புன்னா தப்புன்னு சொன்னான். அதுக்குப் பேருதான சயின்ஸ்? வேதப் புஸ்தகத்தையே நம்ம பாஷையில நாமளே வாசிக்க முடிஞ்சதும் அதாலதான?"

அப்பா, "அப்ப தீர்ப்பு எங்க அச்சாபீஸுக்குத்தான்னு சொல்லு" என்று சிரித்தார்.

நடுவரின் மனசு எனக்குத் தெரிந்துவிட்டது! அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். அச்சு என்மீது சுமத்தப்பட்ட தண்டனை இல்லை. ஜெயிக்கப் போகிற கட்சி. அப்பாவோடு அச்சாபீசுக்குப் போய், பெரிய மிஷினிலிருந்து தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மா என் பேச்சுக்கும் ஒரு முடிவுரை எழுதிக் கொடுத்தாள்: "யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று பாராமல் உண்மையை உண்மை என்றே சொல்ல மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது அச்சுதான்." அந்த வரியை வாய் மணக்க மணக்கச் சொல்லிப் பழகினேன்.

விழாவன்று பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து, கைகளில் மருந்தின் சாம்பல் நிறம் மாறாமல் வந்திருந்த அம்மாமார்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பேசி முடித்த பிறகு எங்கள் முறை வந்தது. நான் முதலில். ஒரு எழுத்துப் பிசகாமல் பேசினேன். முடிவுரைக்கு அச்சாபீஸ்காரர்கள் விசிலடித்தார்கள். அம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

சித்தி மகள் எழுந்து வந்தாள். அவளுக்கு மைக் எட்டவில்லை. அம்மாவே எழுந்து வந்து இறக்கிக் கொடுத்தாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

"நடுவர் அவர்களே," என்று அவள் தொடங்கினாள். கையை ஆட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "சீன தேசத்தில் சிலர் சாகாமல் இருக்க மருந்து தேடினார்கள். வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் கலந்து பார்த்தபோது அது தீப்பிடித்தது. தேடிய மருந்து கிடைக்கவில்லை. இந்த மருந்து கிடைத்தது. எங்க அப்பா இன்னைக்கும் அத மருந்துன்னுதான் சொல்வாக."

கூட்டத்தில் சலசலப்பு நின்றது. அது யார் மகள் என்று முன்வரிசையில் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த மருந்து வந்ததும் கோட்டைகளுக்குள் ஒளிந்துகொண்டு ஏழைகளை ஆண்டவர்கள் பயந்தார்கள். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போட்டவர்கள் ஒவ்வொரு படியாக ஏறி, நிலா ஏன் கீழே விழவில்லை என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கணக்கில்தான் இன்று ராக்கெட் போகிறது. மலைக்குள் ரயில் போவதும் கிணற்றில் பாறை உடைவதும் இதனால்தான். இது அற்பக் கரித்தூள் இல்லை, நடுவர் அவர்களே. விளையாட்டுச் சாமானும் இல்லை. உலகத்தையே மாற்றின பொருள் இது. இதைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர்கள் சின்ன வேலை செய்கிறவர்கள் இல்லை."

அவ்வளவுதான். நன்றி வணக்கம்கூடச் சொல்ல மறந்துவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் கொஞ்சம் தாமதித்துத்தான் எழுந்தது, எழுந்தது அடங்கவேயில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நன்றி வணக்கம் சொல்லாததற்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்று நான் தைரியமாக இருந்தேன்.

அம்மா எழுந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எழுதி வைத்திருந்த தாளை எடுத்தாள், மறுபடி மேசையிலேயே வைத்தாள். அச்சு நமக்கு அறிவைப் பரப்பியது, வேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது என்றெல்லாம் சொல்லி வந்தவள், எதிரே உட்கார்ந்திருந்த சித்தி மகளைப் பார்த்தாள்.

"இருந்தாலும், மனிதகுலத்தைப் பெரிதும் மாற்றியது வெடிமருந்தே என்று தீர்ப்பளிக்கிறேன்."

மைதானம் அதிர்ந்தது. யாரோ வெளியே ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். எனக்குக் காது அடைத்தது சரத்தால் அல்ல.

வீட்டுக்குத் திரும்பும்போது லோடு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். சித்தி மகள் அப்பாவோடு முன்னால் போனாள், பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அச்சுதான் பெருசுன்னு நீங்கதான சொன்னீக? அப்பாகிட்ட சொன்னீகளே, நான் கேட்டேன்."

"ஆமா. சொன்னேன்."

"இப்ப மாத்திச் சொல்லிட்டீகளே?"

"அது வீட்ல சொன்னது."

"அப்ப எதும்மா நெசம்? யாருக்குப் பிடிக்கும், பிடிக்காதுன்னு பாக்கக் கூடாதுன்னு நீங்கதான எனக்கு எழுதிக் குடுத்தீக?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமா, வருத்தமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "நல்லாப் பேசுன இன்னைக்கு. ஒரு தப்பு இல்ல," என்றாள். பிறகு, "வேகமா நட" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் மதுரைக்குப் போனோம். அதுவரை பிள்ளைகளை உள்ளே விடவில்லை. சித்தப்பாவை அப்போதுதான் பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கைகள் இரண்டும் துணி சுற்றித் தலையணைமேல் கிடந்தன. கழுத்துத் தோல் வேறு யாருடையதோ போல இருந்தது. எனக்குப் பயமாக இருந்ததால் சித்தியின் பின்னால் நின்றுகொண்டேன். சித்தி மகள் பயப்படவில்லை. நேராகக் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, சாப்பிட்டீகளா என்றுகூடக் கேட்காமல், "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தாள்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். ஊசி போட வந்த நர்ஸ் தட்டோடு நின்றுவிட்டார். சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நிலா வந்தது, ராக்கெட் வந்தது, மலைக்குள் ரயில் போனது. அவள் முடித்ததும் அவர் கண்ணைத் திறந்தார்.

"அம்புட்டுப் பெரிய சாமானாத்தா அது?"

"ஆமாப்பா. பெரியம்மாவே தீர்ப்புச் சொல்லிட்டாக."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். "நெசமாவா மதினி?"

"நெசந்தான்," என்றாள் அம்மா.

"இத்தன வருசம் அதுலயே கெடந்தேன். எனக்குத் தெரியலையே," என்று சொல்லி அவர் சிரிக்கப் பார்த்தார். சிரித்தால் கழுத்து இழுக்கும் போலிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சித்தி மகள் அப்போதுதான், அத்தனை வாரங்களில் முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள்.

அம்மா சொன்னது பொய் என்று எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். நூறு ஊரில் நூறு பேர் சரிபார்த்த கதையைச் சித்தப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. "சித்தப்பா..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் தோளில் இறங்கி இறுக்கியது. அந்தப் பிடி வலித்தது. "கும்பிட்டு, சித்தப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்றாள். சொன்னேன்.

பஸ்ஸில் திரும்பும்போது சித்தி மகள் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்; அவளோடு பேசவில்லை. அவள் அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். திருமங்கலம் தாண்டும்வரை நான் வெளியே பார்த்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் தலையணை, என் தலைப்பு, எனக்கு வர வேண்டிய தீர்ப்பு, இப்போது அம்மாவின் மடியும். சிவகாசியிலேயே அவளைப் போல அதிர்ஷ்டம் பண்ணின பிள்ளை வேறு யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.