ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

சைக்கிள் பிரேம் வந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்த அம்மா, "என்னடி, காலிப் பெட்டிய அனுப்பிட்டானா?" என்றார்.

காலி இல்லை. கார்பன் நாரை அடுக்கடுக்காகப் பசையில் ஒட்டி இறுக்கிச் செய்த மலைச் சைக்கிளின் பிரேம் உள்ளே இருந்தது. பெங்களூரில் ஒருவர் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்றது. உரிக்காத தேங்காய் ஒன்றின் கனம்தான் இருக்கும். அம்மா அதை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு கூடத்திலிருந்து கொல்லை வரைக்கும் நடந்து காட்டினார். "இதுல ஏறி நீ போகப் போற?"

போகத்தான் போகிறேன் என்றேன். அன்றிலிருந்து அந்த ஒரு பதிலைத்தான் வேறு வேறு ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றின் கரையில் இருக்கிறது. படிப்பு முடிந்த கையோடு வீட்டிலிருந்தே பார்க்கும் கணினி வேலை கிடைத்துவிட்டது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சாயங்காலத்துக்குள் கால் இரண்டும் என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிவிடும் போலிருக்கும். ஆற்றங்கரையின் மேல் ஒரு மண் பாதை கிழக்கே பாபநாசம் பக்கம் போகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கண் போகிற தூரத்துக்கு வயல். அந்தப் பாதையில் போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"மலையே இல்லாத ஊர்ல மலை சைக்கிள் என்னத்துக்கு?" என்று கேட்காத ஆள் கிடையாது. மலை இல்லைதான். ஆனால் அறுவடை மெஷின் ஏறி இறங்கிய கரை இருக்கிறது. காய்ந்தால் கல், நனைந்தால் களி. கல்லூரி நாட்களில் என்னிடம் கியர் சைக்கிள் ஒன்று இருந்தது. ஒரு ஐப்பசி மழையில் பின் கியருக்குள் களிமண் அடைத்து, நான் விடாமல் மிதித்ததில் கியர் முறுக்கிக்கொண்டு உடைந்தது. நான்கு கிலோமீட்டர் அதைத் தோளில் சுமந்து வந்தேன். முன் ஸ்பிரிங்குக்குள் வண்டல் புகுந்து, ஒரு போகம் முடிவதற்குள் எண்ணெய் கக்க ஆரம்பித்தது. எது எது கெட்டதோ அதெல்லாம் இல்லாமல் ஒரு சைக்கிள் கட்டினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. சேறு போய் அடைக்க இடமே இருக்கக் கூடாது. ஒரே செயின், பின்னால் ஒரே பல்சக்கரம், முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க மடங்காத, அமுங்காத போர்க். எடையும் குறைவாக இருக்க வேண்டும். சேற்றில் ஓட்ட முடியாத இடத்தில் தூக்கிக்கொண்டு நடக்கப் போவது நான்தானே.

கூடத்தில் நெல் சாக்கை விரித்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கட்டினேன். முன்னால் முப்பத்திரண்டு பல், பின்னால் பதினெட்டு என்று முதலில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது காற்றுதான். ஆடிக் காற்றில் மேற்கே திரும்பி வீட்டுக்கு வரும்போது முழங்கால் இரண்டும் அழுதுவிட்டன. மிதி இலேசாக, பின் பல்சக்கரத்தை இருபது பல்லாக மாற்றினேன். கார்பனில் எந்தத் திருகையும் கண்டபடி இறுக்கக் கூடாது என்பதால், அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும் ஒரு ஸ்பானரும் வாங்கியிருந்தேன். அதை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

சக்கரத்தின் கோணல் எடுக்க மட்டும் ரோட்டு முனையில் இருக்கும் சைக்கிள் கடை அண்ணனிடம் போனேன். ஸ்போக்கை விரலால் மீட்டியே கோணல் எடுக்கிற ஆள். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கடை வாசல் பெஞ்சில் தினமும் உட்காரும் இரண்டு பேரும் பேப்பரை மடித்து வைத்தார்கள்.

"கியரு எங்க பாப்பா?"

"இல்லண்ணே."

"முன்னாடி ஸ்பிரிங்கு?"

"அதுவும் இல்ல."

"கேரியரு, மட்கார்டு, ஸ்டாண்டு?"

"பெல்லு இருக்குண்ணே."

"அப்ப இம்புட்டு விலை எதுக்குக் குடுத்த? இல்லாததுக்கெல்லாமா?"

பெஞ்சு சிரித்தது. நானும் சிரித்தேன். "ஆமாண்ணே. இல்லாததுக்குத்தான்" என்றேன். வண்டிக்கு 'பிளாஸ்டிக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து நான் கடையைத் தாண்டும்போதெல்லாம், "பிளாஸ்டிக் போவுது பாரு" என்று ஒரு குரல் வரும். பெல்லை அடித்துவிட்டுப் போவேன்.

அப்பாவுக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அப்பா சொந்த நிலம் கொஞ்சமும் குத்தகை நிலம் கொஞ்சமுமாக நெல் போடுகிறவர். கேலியை விட அவரை அதிகம் உறுத்தியது, சைக்கிள் எப்போது பார்த்தாலும் சுவரில் சாய்ந்து கிடந்ததுதான். எங்கள் பக்கத்தில் சைக்கிள் என்றால் நிற்கும். உர மூட்டையோடு நிற்கும், புல்லுக்கட்டோடு நிற்கும், வரப்பு ஓரத்தில் நாள் பூரா வெயிலில் நிற்கும். இது இரண்டு தடவை காற்றில் சரிந்து மாட்டுக் கொட்டகைக்குள் விழுந்துவிட்டது. "நிக்கக்கூட வக்கில்லாத வண்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அதைத் தூக்கி வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் சைக்கிள் நின்றது. சுவரில் சாயாமல், தானாக, நேராக. பக்கத்தில் அப்பா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இப்பப் பாரு, லட்சணமா நிக்கிது."

பெடலுக்குப் பின்னாலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களுக்கு மேலே ஒரு இரும்புத் தகடு, கீழே ஒரு இரும்புத் தகடு, நடுவில் போல்ட், அதில் கனமான ஸ்டாண்டு. உர மூட்டை ஏற்றுகிற சைக்கிளுக்குப் போடும் ஸ்டாண்டு. அப்பா விடிகாலையிலேயே கடைக்கு உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆடாமல் இருக்க வேண்டும் என்று கடை அண்ணன் ஸ்பானருக்குப் பின்னால் பைப்பைச் செருகி இறுக்கியிருக்கிறார். அவர் கெட்டது செய்யவில்லை. இரும்புக்குச் செய்வதைச் செய்தார்.

நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

போல்ட்டைக் கழற்றி ஸ்டாண்டை எடுத்தேன். தகடு பதிந்த தடம் இரண்டு குழாயிலும் இருந்தது. இடது குழாயில் அந்தத் தடத்திலிருந்து ஒரு கோடு, முடியளவு மெல்லிசாக, விரல் நக நீளத்துக்கு ஓடியிருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். அவருக்கும் அது தெரிந்துவிட்டது. முகம் ஒரு நொடி வாடி, உடனே கோபமாக மாறியது.

"ஒரு ஸ்டாண்டத் தாங்காத சைக்கிளு, உன்ன எப்படித் தாங்கும்?"

நியாயமான கேள்வி அது.

மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் பதில் கிடைத்தது. "அப்பா, வைக்கோலக் கயிறா முறுக்கிப் பிரி போட்டுக் கட்டு கட்டுறீங்களே, இழுத்தா அறுமா?"

"எதுக்கு அறும்? முறுக்கிக் கட்டினா ஆள் தொங்கலாம்."

"அதையே கீழ போட்டுக் கட்டையால இடிச்சா?"

"நசுங்கும்."

"இதுவும் நாருதாம்பா. இழுக்கிற பக்கம் தாங்கும். நசுக்கினா தாங்காது. என்னைத் தாங்குறது இழுவை. ஸ்டாண்டு பண்ணுனது நசுக்குறது."

"எல்லாம் வாயால சரிதான். கோடு விட்டிருக்கே, அதுக்கு என்ன சொல்ற?" என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ அதுல ஏறக் கூடாது. அவ்வளவுதான்" என்றார். அம்மாவும் அவர் பக்கம். ஓடுகிறபோது அந்தக் குழாய் விட்டால் பின்சக்கரம் கோணி என்னை ஆற்றுப் பக்கமோ வயல் பக்கமோ வீசும். அது எனக்கும் தெரியும். பெங்களூர்க்காரருக்குப் படம் அனுப்பினேன். "ஓட்டாதீங்க, சுவத்துல மாட்டி வைங்க" என்று பதில் போட்டார். சுவரில் மாட்டுவதற்கா நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை சாக்கில் உட்கார்ந்தேன்?

அதற்காக வீம்புக்கு ஏறி உட்காரவும் நான் தயாரில்லை. எதிர்த்துப் பேசினால் போதாது, எனக்கே தெரிய வேண்டும்.

முதலில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் குழாயை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் அந்த இடத்தில் மட்டும் மொத்தையாக மாறும் என்று படித்திருந்தேன். டிக், டிக், டிக். கோட்டின் மேலும் அதே டிக். அல்லது மாறாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் எனக்கு அப்படிக் கேட்டதோ. அம்மாவைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். "எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. பானை வாங்கப் போறப்ப இப்படித் தட்டிப் பாத்து வாங்குனியா நீ ஒரு நாளாவது?" என்றார். அடுத்து பஞ்சை எடுத்துக் கோட்டின் மேல் மெதுவாக இழுத்தேன். நார் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு சிக்கும். சிக்கவில்லை.

இன்னும் போதவில்லை. மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அந்த இடத்துப் பெயின்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். இது கத்தி மேல் நடக்கிற வேலை. அதிகம் தேய்த்தால் நாரையே அறுத்துவிடுவேன். நூறு தடவை தேய்ப்பது, துடைப்பது, போன் விளக்கில் பார்ப்பது. பெயின்ட் போயிற்று. அடியிலிருந்த பூச்சு மங்கலாகி, மெலிந்துகொண்டே வந்தது. கோடும் கூடவே குட்டையாகிக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்தில் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், கோட்டைக் காணோம். கீழே கறுப்பு நார், பாய் பின்னினது போல, ஒரு இழை பிசகாமல் கிடந்தது.

நான் ஜெயித்த மாதிரி கத்தவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பிறகு வந்து அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மேல் தோல் மட்டுந்தான்" என்றேன். "ம்" என்றார். "அப்ப ஞாயித்துக்கிழமை பாபநாசம் போறேன்." அதற்கு 'ம்' வரவில்லை. "சொன்னா கேக்கவா போற?" என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு காலை கிளம்பினேன். முந்தின நாள் பெய்த மழையில் கரை ஈரமாக இருந்தது. சம்பா நடவு முடிந்து, வயலெல்லாம் தண்ணீர் கட்டி நின்றது. ரோட்டு முனையைத் தாண்டும்போது பெஞ்சிலிருந்து, "பிளாஸ்டிக் உசுரோட இருக்கு டோய்" என்றார்கள். கடை அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்துப் போ பாப்பா" என்றார்.

மூன்று கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். டக்.

கால் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தேன். டக். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டக், பின்னாலிருந்து. இறங்கி, மண்ணில் முட்டி போட்டு அந்தக் குழாயைப் பார்த்தேன். நார் அப்படியே இருந்தது. விரலால் தடவினேன், நாணயத்தால் தட்டினேன். பயத்தோடு கேட்கிறபோது எந்தச் சத்தத்தை நம்புவது? திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். உருட்டிக்கொண்டு போனால் அப்பா ஒன்றும் சொல்லக்கூட மாட்டார். அந்தச் சொல்லாமையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யோசி, என்று என்னை நானே அதட்டினேன். சீட்டிலிருந்து எழுந்து நின்றபடி மிதித்தேன். அப்படி மிதித்தால் அந்தக் குழாய்க்குத்தான் பாரம் அதிகம். சத்தம் இல்லை. உட்கார்ந்தேன். டக். நின்றேன். இல்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தால், சீட்டைப் பிடித்திருக்கும் திருகு ஒன்று விரலாலேயே திரும்பியது. 'டிக்' சொல்லும் ஸ்பானரை ஊருக்கெல்லாம் காட்டி அலட்டினவள், அந்த ஒரு திருகை இறுக்காமல் விட்டிருக்கிறேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. நடவு வயலில் ஒரு கொக்கு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பையிலிருந்த திருகுச் சாவியால் இறுக்கினேன். சத்தம் போயிற்று.

அதற்கப்புறம் சைக்கிள் சத்தமே போடவில்லை. செயினின் மெல்லிய உறுமல், டயருக்கடியில் மண், அவ்வளவுதான். மதகு ஒன்றுக்குப் பக்கத்தில் கரை அரித்து முழங்கால் உயரத்துக்கு ஒரு படி போல இறங்கியிருந்தது. எப்போதும் இறங்கித் தூக்கிக்கொண்டுதான் போவேன். அன்றைக்கு அந்த இடம் வருவதை நூறடிக்கு முன்னாலேயே பார்த்தேன். பிரேக்கில் இரண்டு விரல் இருந்தது. விரலை எடுத்தேன். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலைத் தளர்த்தி, விட்டேன். முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் தொம்மென்று விழுந்தது, என் மொத்தப் பாரமும் அந்தக் குழாய்களுக்குப் போனது. பல்லெல்லாம் ஆடியது. சைக்கிள் நேராக ஓடிக்கொண்டே இருந்தது. ஆற்றைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தையை உரக்கச் சொன்னேன். இங்கே எழுத முடியாது.

பாபநாசத்தில் ஒரு காபி குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். வாசலில் அப்பா தன் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் சக்கரம் முழுக்க ஈரக் களிமண். கரைப் பாதையின் களிமண். எதுவரை பின்னால் வந்தார், எங்கே மாட்டிக்கொண்டு திரும்பினார் என்று நான் கேட்கவில்லை.

"என்ன சொல்லுது வண்டி?" என்றார்.

"ஒண்ணும் சொல்லலப்பா."

"எனக்கு இன்னும் நம்பிக்கை இல்ல பாத்துக்க."

"நீங்க ஏறப் போறதில்லையே" என்றேன்.

அவர் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

இரண்டு சம்பா போய்விட்டது. தேய்த்த இடத்தில் தண்ணீர் இறங்காமலிருக்க, நிறமில்லாத பூச்சு மட்டும் பூசியிருக்கிறேன். கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு நார் வெளியே தெரியும். "அசிங்கமா இருக்குடி, ஒரு பெயின்ட்ட அடியேன்" என்கிறார் அம்மா. அடிக்க மாட்டேன். ஒவ்வொரு தடவை ஏறும் முன்னும் அதைக் குனிந்து பார்க்கிறேன். மூடி வைத்துவிட்டு நம்புவது எனக்கு வராது. பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். ஏறியபின் திரும்பிப் பார்ப்பதில்லை.