எங்கே என்று கேட்காத வீடு

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போற?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். யாராவது வாய் தவறிக் கேட்டுத் தொலைத்தால், கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்க வேண்டும். இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்றால், இல்லை. ஆனால் கேட்கவும் மாட்டேன். வம்பு எதற்கு?

என் மனைவி கோவையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். காலை ரயிலில் போய் இருட்டும்போது வருவாள். அன்று அவளுக்கு வார விடுமுறை. ஆனாலும் வழக்கமான நேரத்துக்கே மாம்பழக் கலர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, "ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றேனுங்க" என்று கிளம்பினாள். லீவு நாளில் பட்டுச்சேலையோடு எங்கே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில், அந்தக் காலை ரயில் கோவையை நெருங்கும்போது தடம் புரண்டுவிட்டதாக டிவியில் சொன்னார்கள். சரிந்து கிடந்த பெட்டிகளையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவளுக்குப் போன் போட்டேன். அது உள்ளே தலையணைக்கடியில் அடித்தது.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பயம்கூட வரவில்லை. அவள் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். காய்ந்துகொண்டிருந்த பாலை இறக்கி வைத்து, மூடியும் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் உலகமே கவிழ்ந்தாலும் நலம் விசாரிக்காமல் யாரும் விஷயத்துக்கு வரமாட்டார்கள். அவளுடைய அண்ணன் கூப்பிட்டார்.

"சௌக்கியமுங்களா மாப்பிள்ளை? சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க." பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"தங்கச்சிக்கு இன்னைக்கு லீவுதானுங்களே? ஊட்டுலதான இருக்குது?"

"வெளிய போயிருக்குதுங்க."

"எங்கீங்க?"

"தெரியலீங்க."

"சேரீங்க" என்று போனை வைத்துவிட்டார். பெண்டாட்டி போன இடம் தெரியாத மனுஷனிடம் அவர் என்னதான் பேசுவார்? எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. அவர் வீட்டில் மட்டும் என்ன, கேட்டா அனுப்புகிறார்கள்?

அடிபட்டவர்களைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் போனேன். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் ஒழுங்காக நின்று, பச்சை விழுந்த பிறகுதான் போனேன். இப்போது நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வாசலில் நின்றிருந்த போலீஸ்காரரிடம் என் மனைவியைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னேன். "உங்க சம்சாரம் அந்த ரயில்லதான் போனாங்களாங்க?"

"தெரியலீங்க."

"எங்க போறேன்னு சொன்னாங்க?"

"கேக்கலீங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அதுஞ் சரிதான், கெளம்பறப்ப கேக்கக் கூடாதுங்களே" என்றார். பிறகு, "சேலை என்ன கலருங்க?"

அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போனேன். எதிலும் அவள் இல்லை. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்றுகூட எனக்குப் புரியவில்லை. மாடிப்படியில் நின்றிருந்தபோது பையிலிருந்த அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஏனுங்க, போனை ஊட்டுலயே மறந்து வெச்சுப்போட்டேனுங்க. என் நம்பர் மட்டுந்தான் மனப்பாடமா இருந்துச்சு. கூட வேலை செய்யற புள்ளைக்கு வளைகாப்புன்னு பல்லடம் வந்தேன். நகையெல்லாம் போட்டிருந்தனா, ரயில்ல கூட்டமா இருக்கும்னு பஸ்ஸுலயே வந்துட்டேன். இப்பத்தானுங்க டிவில பாத்தோம்." பிறகு, "சாப்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு" என்றேன். அழுகை வரவில்லை. அன்று இரவு அவள் பக்கத்தில் படுத்திருந்தபோதும் மரத்துப்போய்த்தான் கிடந்தேன்.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய அன்று அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்கே போற அம்மணி?" என்றேன்.

கடைக்குத்தான் என்று எனக்குத் தெரியாதா?

"கேட்டுப்போட்டீங்களா? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா?" என்று பொரிந்து தள்ளினாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே வந்தாள். என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "கடைக்குத்தானுங்க. ரயில்லதான் போறேன்" என்றாள், மெதுவாக.

இப்போது தினமும் கேட்கிறேன். தினமும் திட்டிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறாள். சில நாள் அதற்குள் ரயில் போய்விடுகிறது. போகட்டும்.