இடது கைக்கான டார்ச்

ஸ்ரீவில்லிபுத்தூரில் டார்ச் ரிப்பேர் செய்யும் கடையொன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் டார்ச் பைத்தியங்கள் நாலைந்து பேர் கூடுவோம். இனி வரும் டார்ச் எப்படி இருக்க வேண்டும் என்பதே பேச்சு. அங்கேதான் ஒரு டார்ச் கம்பெனிக்காரர் பழக்கமானார். ஒல்லியானவர், மடிப்புக் கலையாத சட்டை. எந்த டார்ச்சைக் கொடுத்தாலும் முகப்பை உள்ளங்கையால் மூடி எரியவிட்டு, சிவந்து தெரியும் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கத்துக்காகவே அவரை நம்பினேன்.

“கைப்பிடி டார்ச்சுல சுவிட்சு எடது பெருவிரல் படுற பக்கமா இருக்கணும் சார். தண்ணி பாய்ச்சையில வலது கையில மம்பட்டி இருக்கும்ல” என்றேன்.

“இம்புட்டு நாளா யாருக்கும் இது தோணலயே. செஞ்சா ஒங்க பேரச் சொல்லித்தான் விப்பேன்” என்றார்.

மறுவருடம் ராஜபாளையத்தில் ஒரு கடை வாசலில் புது டார்ச்சோடு நின்றார். சுற்றிலும் கூட்டம். “முழுக்க என் சொந்த யோசனை” என்றபடி வலது கையில் பிடித்தார். பெருவிரல் சுவிட்சைத் தேடித் தடவியது, அகப்படவில்லை.

பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், “எடது கையில பிடிங்க சார்” என்றேன்.

கை மாற்றினார், எரிந்தது. முதல்முறை பார்ப்பவர்போல் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.