மூன்று பூட்டுகளும் இரண்டு மச்சான்மாரும்

மடக்குக் கத்தியின் பூட்டைப் பற்றி மணித்தியாலக் கணக்கில் கதைக்கக்கூடிய மனிதன் நான் என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அது அபாண்டம். நான் ஒருநாளும் தனியாகக் கதைத்ததில்லை. நான் ஒன்று சொன்னால் இரண்டு சொல்ல என் மச்சான் எதிரே இருந்தார்.

மச்சான் என்றால் என் தங்கச்சியின் மாப்பிள்ளை. கரைவலை இழுத்தவர். சுனாமி வந்த காலையில் அவர் சந்தைக்குப் போயிருந்தார், தங்கச்சி வீட்டில் இருந்தாள். அவளும் போனாள், வீடும் போனது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்து வருவோம். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் பெண்சாதி வீட்டு ஆள். பெண்சாதி இல்லை, வீடு இல்லை, பிள்ளையும் இல்லை என்றால் அவர் எங்கள் ஆள் என்று சொல்ல என்ன மிச்சம்? தன் உம்மா வீட்டுக்குத் திரும்பிப் போவார், நாளைக்கு வேறொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாவார். அதில் யாரும் பிழை பிடிக்க முடியாது. எனக்கு அந்தப் பயம்தான். எங்கள் உம்மாவும் வாப்பாவும் எப்போதோ மவுத்தாகிவிட்டார்கள். தங்கச்சி எப்படிச் சிரிப்பாள் என்று தெரிந்தவர் என்னைத் தவிர அவர் ஒருவர்தான்.

கடல் பக்கம் இனித் தலைவைக்க மாட்டேன் என்று அவர் சொன்னதும் நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் வயரிங் வேலைக்குக் கூட்டிக்கொண்டேன். புது வீடுகள் வரிசை வரிசையாக எழும்பிய காலம், வேலைக்குக் குறைவில்லை. வயரின் தோலை உரிக்க என்னிடம் ஒரு கத்தி, அவரிடம் ஒரு கத்தி. சண்டை அங்கேதான் தொடங்கியது.

என்னுடையது கட்டார் நாட்டிலிருந்து வந்தது. அலகை விரித்தால் பிடியின் முதுகில் இருக்கும் உருக்குத் துண்டு 'டிக்' என்று பள்ளத்தில் விழுந்து பூட்டும். முதுகை அழுத்தினால்தான் மடியும். மச்சானுடையது இடிபாடு அள்ள வந்த ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போன மரப்பிடிக் கத்தி. அதன் கழுத்தில் ஒரு இரும்பு வளையம். அலகை விரித்து, வளையத்தைக் கையால் திருகினால்தான் பூட்டு.

"நீங்க திருகி முடியிறதுக்குள்ள நான் ரெண்டு அறைக்கு வயர் இழுத்திருவன்" என்பேன்.

"ஒங்கட கத்தி தானாப் பூட்டும் மச்சான். பூட்டினதா இல்லையாண்டு அதுக்கே தெரியா. நான் திருகினா, திருகினது எனக்குத் தெரியும்" என்பார்.

மாரி தொடங்கினால் நான்தான் ராஜா. ஈரத்தில் அவருடைய மரப்பிடி ஊதிப்போய் அலகு வெளியே வராது. அதை அவர் என் மனைவியின் அடுப்பங்கரையில் கருவாட்டுக்குப் பக்கத்தில் காயவைப்பார். அதன்பிறகு அவர் உரித்த வயரையெல்லாம் நான் முகர்ந்து பார்த்து, "இது எந்த மீன்ட குடல் மச்சான்?" என்று கேட்பேன். அவரும் முகர்ந்து பார்த்து, "கீரிமீன்" என்பார்.

என் ராஜாங்கம் அதிகநாள் நீடிக்கவில்லை. கடற்கரையோர வீடு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது காற்றில் பறந்த மணல் என் கத்தியின் பூட்டுப் பள்ளத்தில் நிறைந்துவிட்டது. 'டிக்' சத்தம் வரவில்லை. நான் கவனிக்கவுமில்லை, ஏனென்றால் அந்த நேரம் நான் வளையப் பூட்டின் குறைகளை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அலகு மடிந்து என் வலது ஆட்காட்டி விரலில் இறங்கியது. ஐந்து தையல்.

மச்சான் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதரின் பண்பை நினைத்து நான் நெகிழ்ந்துபோனேன். பாவி மனிதர் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறார். ஜும்ஆத் தொழுகையில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசி இருப்பில் அத்தஹிய்யாத்து ஓதும்போது எல்லோரும் ஆட்காட்டி விரலை நீட்டினார்கள். நானும் நீட்டினேன், சோளப்பொத்தி அளவில், வெள்ளைக் கட்டோடு. ஸலாம் கொடுத்து முகத்தை என் பக்கம் திருப்பியவர் மெதுவாகச் சொன்னார்: "தானாப் பூட்டுற கத்தி."

யுத்தம் திரும்பவும் சூடுபிடித்தபோது பாதையில் சோதனைக்காக இறங்கி ஏறும் இடங்கள் கூடிவிட்டன. ஒருநாள் சோதனைச்சாவடியில் எங்கள் பைகளைத் திறந்தார்கள். மச்சானின் கத்தி இரண்டு கொய்யாப்பழங்களோடு கிடந்தது. ஆமிக்காரத் தம்பி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னுடையதைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டான். வேறு யாராக இருந்தாலும் வயர் வெட்டுகிற கத்தி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றிருப்பார்கள். நான் பூட்டுக்கு வக்கீல் அல்லவா? இது சாதாரணக் கத்தி இல்லை, எவ்வளவு பலமாகக் குத்தினாலும் மடியாது, கையை விட்டு நழுவாது, இவ்வளவு பாதுகாப்பான கத்தி இந்த மாவட்டத்திலேயே இல்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில், செய்கையோடு, குத்திக் காட்டியும் விளக்கினேன். மச்சான் கண்களை மூடிக்கொண்டார்.

கத்தி அங்கேயே நின்றுவிட்டது. எங்களை மூன்று மணித்தியாலம் வெயிலில் இருத்தி வைத்தார்கள். பின்னேரம் திரும்பி வரும்போது, எனக்கே ஆச்சரியம், அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டுக் கத்தியைக் கையில் தந்தான். மணலையெல்லாம் தட்டி, எண்ணெய் போட்டு வைத்திருந்தான். 'டிக்' சத்தம் மணியாகக் கேட்டது. அவன் தோளில் தொங்கிய துவக்குக்குப் போடும் எண்ணெயின் மணம்.

"இனிப் பயமில்ல. ஒங்கட கத்தி ட்ரெயினிங் எடுத்திட்டு வந்திரிக்கி" என்றார் மச்சான்.

யுத்தம் முடிந்தது. ஊர் மூச்சுவிட்டது. பாதைகள் திறந்தன, கடலில் தோணிகள் கூடின, கல்யாணங்களும் கூடின. மச்சான் அடிக்கடி, "மச்சான், ஒரு கத இரிக்கி" என்று தொடங்குவார். என்ன கதை என்று எனக்குத் தெரியும். அவர் உம்மா அங்கங்கே பெண் பார்ப்பதாக என் மனைவி முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே அவர் வாய் திறக்கும்போதெல்லாம் நான் கத்தியைத் திறந்தேன். மூன்றாவது வகைப் பூட்டு ஒன்று வந்திருக்கிறது, அதைப் பார்க்காமல் மனிதன் ஒரு முடிவுக்கும் வரக்கூடாது என்று சொல்லி அவரை அக்கரைப்பற்றுக் கடைத்தெருவுக்கே இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். இதில் பிடிக்கு உள்ளே ஒரு மெல்லிய தகடு. அலகு விரிந்ததும் தகடு சாய்ந்து பின்னால் வந்து தாங்கிக்கொள்ளும். மடிக்க வேண்டுமென்றால் பெருவிரலை உள்ளே விட்டுத் தகட்டைத் தள்ள வேண்டும்.

"எங்கட உம்மா ஒலுவில் ஊருல ஒரு எடம் பாத்திரிக்கா" என்றார் மச்சான், கடைக்காரருக்கு முன்னாலேயே.

"பாருங்க மச்சான், வெரல அலகுட வழியிலயே வைக்கணும். இதெல்லாம் ஒரு பூட்டா?" என்றேன்.

"நீங்க வேணாண்டு சென்னா நான் செய்யமாட்டன்."

நான் கத்தியை இரண்டு மூன்று தரம் விரித்து மடித்தேன். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"செய்யுங்க" என்றேன். கத்தியை வாங்காமலே வெளியே வந்தோம். கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒலுவிலில் கல்யாணம். நான் மாப்பிள்ளையோடு போனேன், அவர் பக்கத்து ஆட்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி. வாசலில் கால் கழுவும் தட்டத்தை வைத்துப் பெண்ணின் தம்பி செம்போடு நின்றான். எங்கள் வழக்கப்படி வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிப்போவது பெண்ணின் சகோதரன். என் தங்கச்சியின் கல்யாணத்தில் இதே காலுக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான். அன்று வேண்டுமென்றே கிணற்றடியிலிருந்து நல்ல குளிர்ந்த தண்ணீராக எடுத்துவந்து ஊற்றினேன். அவர் துள்ளியதைப் பார்த்து உள்ளே தங்கச்சி சிரித்த சத்தம் வாசல் வரை கேட்டது.

பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார்: "நீங்க மாப்புள்ளைக்கு என்ன முறை?"

பூட்டுகளைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கக்கூடிய நான் கத்தியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினேன். என்ன முறை? முறைக்கு உரியவள் மண்ணுக்குள் இருக்கிறாள்.

ஒரு கால் தட்டத்துக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்ற மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். "அவர் என்ட மச்சான்" என்றார்.

செம்போடு குனிந்திருந்த பொடியன் குழம்பிப்போய் நிமிர்ந்தான். அந்த வீட்டில் மச்சான் அவன்தானே.

"நீ எளய மச்சான். அவர் மூத்த மச்சான்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மற்றக் காலையும் தட்டத்துக்குள் வைத்தார்.