சோப்பக்காவின் மேல் விழுந்த ஐயம்

அந்த ஆய்வகத்தில் கண்ணாடிக் கலங்களைக் கழுவும் அம்மையாரைச் சோப்பக்கா என்றே எல்லாரும் அழைப்பர். கணவனை இழந்தபின், கழுவுதொட்டியருகே நின்றே இரு மகள்களையும் கரையேற்றியவர் அவர்.

சில வாரங்களாகக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த மூளைச் செல்கள் முதிர்ந்ததும் மடிந்துவந்தன. அவற்றை வளர்த்த பெண் ஆய்வாளரின் ஐயம் சோப்பக்காவின் மேல் விழுந்தது. கழுவிய தட்டுகளை எடுத்து முகர்ந்து பார்க்கலானார்.

"சோப்பு போக நல்லா அலசுறீங்களாக்கா?"

"எத்தனை வருஷமா அலசுறேன்! இப்பத்தான் என் கை கெட்டுப்போச்சாம்மா?"

வேலை பறிபோகுமோ என்று அஞ்சிய அக்கா, கழுவிய தட்டுகளையே மறுபடியும் அலசினார்.

மூளைச் செல்கள் தமக்குள் செய்தி சொல்லப் பயன்படும் பொருள் குளுட்டமேட். செல்லின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பற்றியதும் கால்சியம் உள்ளே நுழையும். அளவு மிஞ்சினால் செல் மாளும். இறுதியில் ஆய்வாளர், அக்கா கழுவிய தட்டுகளுள் பாதியில் மட்டும் அவ்வேற்பிகளை அடைக்கும் மருந்தை இட்டார். அவற்றிலிருந்த செல்கள் மட்டுமே பிழைத்தன. சோப்பே நஞ்சாயிருப்பின் அவையும் மடிந்திருக்கும்; ஆகவே கொன்றது மிகுந்துபோன குளுட்டமேட்டே.

இளஞ்செல்களுக்கெனக் குளுட்டமேட் கலந்த ஊட்டநீரை, ஏற்பிகள் பெருகிய முதிர்ந்த செல்களுக்கும் ஆய்வாளரே தம் புட்டியிலிருந்து ஊற்றிவந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா. இனி உங்கமேல சந்தேகமே வராது."

"அது சரி, எனக்கு உங்கமேல வந்துடுச்சே! இனி எது செத்தாலும் முதல்ல உங்க புட்டியை மோந்து பாருங்கம்மா."